தூக்கிய கை

கள்ளக்குறிச்சியில் காது சோதிக்கும் கடை வைத்திருந்த தனசேகரனுக்கு ஒரே ஒரு பெருமை, ஏசி. பலகையில் கடையின் பெயரைவிட 'முழுவதும் குளிரூட்டப்பட்டது' என்பதுதான் பெரிய எழுத்து. பழைய பெட்டி அது. மாவு மில்லைத் தூக்கிவந்து சுவரில் மாட்டியதுபோல் இரைந்தது.

கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த மீனாவுக்கு உள்ளே நுழைந்ததுமே பல் கூசியது. கணவன் குமாருக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை கிடைப்பதாக இருந்தது. காது நன்றாகக் கேட்கிறது என்று ஒரு தாள் வேண்டும், இன்று மாலைக்குள். இல்லாவிட்டால் கச்சிராயபாளையத்துக்காரன் ஒருவன் அந்த வேனில் ஏறிவிடுவான்.

தனசேகரன் குமாரை ஏசிக்கு நேர் கீழே, பிளைவுட் தடுப்புக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்.

"சத்தம் கேட்டா கையத் தூக்கு. நின்னுட்டா எறக்கிடு. புரிதா?"

குமார் உடனே தூக்கினான். தூக்கிய கை இறங்கவே இல்லை.

"நான் இன்னும் பட்டனயே அமுக்கல. இன்னாத்துக்குய்யா தூக்கிக்கினு இருக்க?"

"சத்தம் கேட்டுக்கினே இருக்குதுங்களே." குமார் மேலே கண்ணைக் காட்டினான்.

"அது ஏசிய்யா. அது ஒரு சத்தமா? பீப்னு வர்றதுக்குத் தூக்கு."

அதன்பிறகு குமாரின் கை மடியைவிட்டு அசையவில்லை. அந்த இரைச்சலுக்குள் பீப் எங்கே போய்ச் செத்ததோ.

"ரெண்டு காதும் கம்மி" என்றார் தனசேகரன்.

"கொல்லையில பன்னி நொழஞ்சா நாய்க்கு முன்னால எழுந்துக்கிற ஆளுங்க இவரு" என்றாள் மீனா.

"உங்க பன்னிக்குத் தெரியுமோ இன்னாவோ. என் மிஷினு பொய் சொல்லாது."

மீனா எழுந்துபோய் ஏசியை அணைத்தாள். தெருவில் டீ கிளாஸ் கழுவும் சத்தம்கூடக் கேட்டது.

"வேர்க்கும்மா" என்று தனசேகரன் கத்தினார். எதிர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக ஏசியோடு மல்லுக்கட்டிய தொண்டை அது.

"வேர்த்தா தொடச்சிக்கங்க. இப்ப அமுக்குங்க."

ஒவ்வொரு பீப்புக்கும் குமாரின் கை ஏறி இறங்கியது. ஒன்றுகூடத் தவறவில்லை. தனசேகரன் வேண்டாவெறுப்பாகக் குமாரின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முதல் வேலையாக ஏசியைப் போட்டார். பிறகுதான் தாளில் கையெழுத்திட்டார்.

குமார் மேஜைப் பக்கம் பார்த்தபடி மறுபடி கையைத் தூக்கினான்.

"டெஸ்ட்டு முடிஞ்சிபோச்சிய்யா. இன்னும் இன்னாத்துக்குத் தூக்குற?"

குமார் வாயைத் திறக்குமுன் மீனா தாளை வாங்கி மடித்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா, பஸ்ஸு போய்டும்."

மேஜை டிராயருக்குள் தனசேகரனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடி ஏசிக்கு முகத்தைக் காட்டி நின்றார்.