அக்கா அடுக்கிய பை

பயணத்துக்கு முதல் நாள், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் வினோதாவின் பை தொங்கியது. தோட்டத்திலிருந்து வெளிநாடு போகிற எல்லோருக்கும் இதுதான் வழக்கம். எயார்போர்ட்டில் போய் எடை கூடிவிட்டதென்று முழிப்பதைவிட மடுவத்திலேயே பார்த்துவிடலாம் அல்லவா?

"நீ எடுக்குற கொழுந்தவிட பாரமா இருக்கே, பிள்ள," என்று கணக்கப்பிள்ளை கேலி பண்ணினார். வினோதா வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு திரும்பி வந்ததற்கு இரண்டு காரணங்கள்தான். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் வெள்ளை மாத்திரை ஒன்று. அதை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரையும் நீட்டும் அக்கா பிரேமினி இன்னொன்று.

அதற்கு முந்தைய காலத்தை லயத்து வீடுகளில் யாரும் மறந்துவிடவில்லை. வாரக்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே திரிந்தவள், ஒரு மழைநாளில் ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்றாள். இறக்கிக் கூட்டிவந்தது அக்காதான். பேய் பிடித்துவிட்டது என்றவர்களின் வாயை அடைத்துவிட்டு, பஸ் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டுபோனதும் அவள்தான். பெற்றவள்கூட அந்த அளவுக்குச் செய்திருக்க மாட்டாள்.

குவைத்தில் வீட்டு வேலை என்று வந்தபோது வினோதா முதலில் போய்க் கேட்டது கிளினிக் டொக்டரிடம். தாராளமாகப் போகலாம், மருந்தை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது என்றார் அவர். மறைக்காமல் பெட்டியோடு கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அந்த மருந்துக்கென்று ஒரு கடிதமும் கொடுத்தார். ஏஜென்சிக்காரரிடமும் வினோதாவே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலை பிரேமினி வழிக்கு ரொட்டி சுட்டாள். அடுப்பிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. "சீனிப் பை ஒண்ணு விழுந்துருச்சு," என்றாள், திரும்பாமலேயே. கைப்பையையும் அவளே அடுக்கிக் கொடுத்தாள். வினோதா திறந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா அடுக்கியதைச் சரிபார்ப்பதா?

பின்னேரம் எயார்போர்ட்டுக்கு வேன் புறப்பட்டபோது வழியனுப்ப அக்காவும் கூட வந்தாள். மலையிறங்கும் வழியில் வேன் கினிகத்தேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு வினோதா மாத்திரை போடக் கைப்பையைத் திறந்தாள். மருந்துப் பெட்டி இல்லை. கடிதமும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியின் கடதாசி உறை ஒன்று இருந்தது. அதற்குள் சிவப்பு மாத்திரைகள், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள்.

"அக்கா, என் மருந்து எங்க?"

பிரேமினி தேநீரை ஊதிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"அடுப்புல போட்டுட்டேன். ஏஜென்சிக்காரரு போன் பண்ணாரு. அதப் பாத்தா எறங்குன கையோட திருப்பி அனுப்பிருவாங்களாம். நீதான் நல்லா இருக்கியே, இன்னும் எதுக்கு அது? சத்து மாத்திர வச்சிருக்கேன், அதப் போடு."

"நல்லா இருக்குறதே அதுனாலதான். ஒனக்குத் தெரியாதா?"

பிரேமினி தேநீரைக் கீழே வைத்தாள். பிறகு, "தெரியும்," என்றாள். "ஆனா நீ போகாட்டி நம்ம கதி என்னாவுறது, சொல்லு."

தெரியாமல் செய்திருந்தால் அழுதுவிட்டு மன்னித்திருக்கலாம். அந்தப் பாலத்தையும் மழையையும் கண்ணால் பார்த்தவள், தெரிந்தே செய்திருக்கிறாள். காலையில் மூக்கில் ஏறிய நாற்றம் இப்போது ரொட்டியிலும் வந்தது. வினோதா மீதி ரொட்டியைத் தள்ளிவிட்டாள்.

"நேரமாவுது தங்கச்சி, ஏறுங்க," என்று டிரைவர் அழகன் கூப்பிட்டார்.

வினோதா அக்காவின் கையைப் பிடித்து விரித்து, ஒரு சிவப்பு மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்தாள்.

"இனி நீ போடு."

வேனிலிருந்து பையை அவளே இழுத்து இறக்கினாள். இவ்வளவு பாரமா என்றிருந்தது. சாலையைக் கடந்து, தோட்டத்துப் பக்கம் மேலே போகும் பஸ்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். அழகன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தார். வளைவில் ஹட்டன் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. எதிரே, கடை பெஞ்சில், அக்கா கையை மூடாமலே உட்கார்ந்திருந்தாள்.