கல் ராஜாவின் மகள் என்ன சொன்னாள்

சலூன்காரர் கையில் சோப்பு நுரையோடு தையல் கடை வாசலில் வந்து நின்றபோது, தையல்காரி ஒரு பள்ளிக்கூட பேண்ட்டின் காலைக் குறைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நான்கு குண்டூசிகள். என்ன என்று புருவத்தைத்தான் தூக்க முடிந்தது.

"அக்கா, உங்க வீட்டு அண்ணன்கிட்ட ஏடாகூடமா ஏதோ சொல்லிட்டேன் போல. பாதி முடி வெட்டினதும் மேல போர்த்தின துணியை உருவிப் போட்டுட்டு எழுந்து போயிட்டாரு."

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவிட்டு, அப்படி என்ன பேச்சு நடந்தது என்று கேட்டாள். சீரியலைப் பற்றித்தான், வேறொன்றுமில்லை என்றார் சலூன்காரர். அவர் என்னவோ ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் அது ஆறுதலாக இல்லை.

சீரியல் என்றால் அந்தத் தெருவுக்கு ஒன்றுதான், கல் ராஜா. கோபத்தில் பெற்ற மகளைக் காட்டுக்கு விரட்டிய ஒரு ராஜா, அந்தப் பாவத்துக்குக் கால் விரலிலிருந்து கல்லாகிக்கொண்டே வருகிறான். மகள் வந்து தொட்டால் கல் கரையும். மகளோ காட்டில் ஒரு சூனியக்காரியின் குடிசையில் இருக்கிறாள். இவ்வளவுதான் கதை. இதை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக இழுக்கிறார்கள். கல் இடுப்புக்கு ஏறி மூன்று மாதம் ஆகிறது, இன்னும் தொப்புளைத் தாண்டவில்லை, அது கல்லா ஆமையா என்று ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் கேட்பார். அளவு கொடுக்க வரும் பெண்களில் இரண்டு கட்சி உண்டு. வந்து ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனால் இவள் விரல் என்ன தேய்ந்தா போய்விடும் என்பது ஒரு கட்சி. முழுசாகக் கல்லாகட்டும், அவன் விரட்டியபோது இவள் காலில் முள் குத்தவில்லையா என்பது இன்னொன்று. இளவரசனைப் பற்றி மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம், சட்டை மாட்டும் ஸ்டாண்டுக்கு மீசை வரைந்த மாதிரி இருக்கிறான், அவனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மவுசு எல்லாம் சூனியக்காரிக்குத்தான். அந்த அரண்மனையையும் காட்டையும் சேர்த்துப் பார்த்தால் அவள் ஒருத்திக்குத்தான் மூளை இருக்கிறது என்று சலூன்காரர் தீர்ப்பே சொல்லியிருந்தார். தையல்காரி எந்தக் கட்சியிலும் சேர்வதில்லை. வாயில் ஊசி இருப்பது அதற்கு நல்ல சாக்கு.

சூனியக்காரியைக் கட்டிவைத்துக் கொளுத்த வேண்டும் என்று சொல்லித் திரிந்த ஒரே ரசிகர் அவள் வீட்டுக்காரர்தான்.

அவர் முப்பது வருஷம் தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். அது அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது, இடி இடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்வதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைமை. காதில் மாட்டுகிற மெஷின் இரைச்சலைத்தான் பெரிதாக்குகிறது என்று கழற்றி அலமாரிக்குள் போட்டார், போட்டதுதான். மனைவியின் உதடு மட்டும் அவருக்கு மனப்பாடம். அவள் சத்தமே இல்லாமல் வாயை அசைத்தால் போதும், ஒரு வார்த்தை சிந்தாமல் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் பேசுவது பிடிபடாது, எழுதிக் காட்ட வேண்டும். சீரியலோ வேறு பாஷையில் எடுத்து டப் செய்தது, அங்கே வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். அதனால் ராஜா முறைப்பதையும் மகள் கண்ணைத் துடைப்பதையும் பார்த்து வைத்துக்கொண்டு, விளம்பரம் வந்ததும் நாற்காலியைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, என்ன சொல்றா என்று கேட்பார். அந்த ஐந்து நிமிஷமும் அவள்தான் ராஜா, அவள்தான் மகள், அவள்தான் சூனியக்காரி.

முதலில் உள்ளது உள்ளபடிதான் சொல்லிவந்தாள். நீளமான வசனத்தை மட்டும், தொளதொள ஜாக்கெட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் கொஞ்சம் பிடித்துவிடுவாள், தொழில் புத்தி. அப்புறம் ஒருநாள் ராஜா காட்டுக்குத் தூது அனுப்பினான். எனக்கு அப்பா என்று யாரும் இல்லை என்று போய்ச் சொல், என்றாள் மகள். விளம்பரம் வந்தது. அவர் முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்தபடி காத்திருந்தார். அந்த முகத்தில் அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. 'வரணும்னுதான் இருக்கேன், இந்தக் கிழவிதான் விடமாட்டேங்கிறா' என்று அவள் உதடு அசைந்தது. அவர் நிம்மதியாக நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சூனியக்காரியைத் திட்ட ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவர் பார்த்தது ஒரு கதை, ஊர் பார்த்தது ஒரு கதை.

இந்த வித்தையை அவள் சீரியலில் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டது போனில். வேறு ஊரில் இருக்கும் மகள் வியாழக்கிழமை ஆறரை மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். காய் நறுக்கிக்கொண்டோ பிள்ளைகளை அதட்டிக்கொண்டோ அரை முகம் தெரியப் பேசுவாள். அம்மாவுக்காக வருகிற போன் அது, அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். பள்ளிப் படிப்பு முடித்த வருஷம், வெளியூர் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாக அவளுக்கு வந்த கடிதத்தை அவர் எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். பெண்ணைத் தனியாக அனுப்பப் பயம், வேறு கெட்ட எண்ணம் கிடையாது. அவள் தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்காமல் இருந்தார். கடைசித் தேதி போயிற்று. இரண்டு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவில் அது அவள் கையில் கிடைத்தது. போட்டிருந்த துணியோடு வீட்டை விட்டுப் போனவள், அப்புறம் அவரிடம் பேசவே இல்லை.

அந்த வலியை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் போன் இருக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே நடமாடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தையல்காரி ஒருதரம், 'நீங்க சாப்டாச்சான்னு கேக்கிறா' என்றாள். அடுத்த வாரம் முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னாள் என்றாள். போன மாசம் வாய் நீண்டுவிட்டது. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் உங்களை ஒரு நடை வரச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டாள். அவர் எழுந்தார். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாளே பரணிலிருந்து பையை இறக்கி, லீவு தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமைக்கு பஸ்ஸில் இடமும் போட்டுவிட்டார். பேத்திக்கு ஒரு கவுன் தைக்கச் சொல்லி அவளை நச்சரித்தார். கிளம்புகிற அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிடலாம் என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே யோசனை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான், இன்றைக்கு வியாழக்கிழமை. முடி வெட்டிக்கொள்ளப் போனதும் அந்தப் பயணத்துக்காகத்தான்.

சலூனில் நடந்தது இது. வழக்கம்போல அவர் சூனியக்காரியைக் கொளுத்தச் சொல்லியிருக்கிறார். சலூன்காரர் கத்தரியை வைத்துவிட்டு, மகளேதான் வரமாட்டேன் என்கிறாள், போய்ப் பார் என்று சூனியக்காரிதான் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்று போனில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார். இவர் சிரித்தாராம். கணக்கு வாத்தியாரும் ஆமாம் என்று தலையாட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டதாம்.

"ரசிகருங்க எழுதுற பக்கம் ஒண்ணு இருக்கே, அதைக் காட்டினேங்க்கா. நூறு பேரு எழுதியிருக்கான். நூறு பேரும், எனக்கு அப்பான்னு யாரும் இல்லன்னு அந்தப் பொண்ணு சொன்ன அதே வசனத்தை. ஒண்ணு விடாம தள்ளித் தள்ளிப் படிச்சாரு." சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வேற மாதிரியா சொன்னீங்க?"

அவள் பேண்ட்டை அப்படியே மெஷின் மேல் போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினாள்.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையின் வலது பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது, இடது பக்கம் காதை மூடிக்கொண்டு தொங்கியது. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடிந்திருக்காது. கத்துவார் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலூன்காரன் சொல்வது நிஜமா என்று கேட்டார். காது போனதிலிருந்து அவர் ரகசியம் பேசினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவள் ஆமாம் என்றாள். எத்தனை நாளாக என்றார். ராஜா தூது அனுப்பினதிலிருந்து என்றாள். உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான், ஒரு பொம்மைக் கதைதானே என்று நினைத்தேன், என்று என்னென்னவோ சொன்னாள். அவர் எல்லாவற்றையும் அவள் உதட்டிலிருந்து பொறுமையாக எடுத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "சீரியல்ல மட்டும்தானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்துவிட்டால் அவருக்கு உலகமே வாய் மூடிவிட்ட மாதிரிதான். இப்படியே எவ்வளவு நேரம் குனிந்திருக்க முடியும் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது மேஜையில் போன் வெளிச்சம் போட்டு நடுங்கியது. ஆறரை.

அவள் கை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் போனைத் தொட்டதில்லை. எங்கே அழுத்துவது என்று தெரியாமல் இரண்டு மூன்று முறை தடவினார். மகளின் அரை முகம் வந்தது, எதிரில் யார் என்று தெரிந்ததும் முழு முகமானது. காய் நறுக்கிய கத்தி கையிலேயே நின்றது.

"ஞாயித்துக்கிழமை நானும் உங்கம்மாவும் அங்க வரதா இருக்கோம்," என்றார் அவர், கூட்டத்தில் பேசுகிறவர்போல உரக்க. "நீ வரச் சொன்னதா அம்மா சொன்னா. நீ சொன்னியா?"

சொல்லிவிட்டு அவர் போனைப் பார்க்கவில்லை. திரும்பி மனைவியின் வாயைப் பார்த்தார்.

 மகள் குரலை உயர்த்தவில்லை.

"நான் யாரையும் வரச் சொல்லலம்மா. அவரு இங்க வர வேண்டாம். வந்தா கதவைத் திறப்பேன், திறக்க மாட்டேன்னு இல்ல. ஆனா அவரு முகத்தைப் பாத்து ஒரு வாய் சாப்பாடு போட என்னால முடியாது. அந்தக் கடுதாசி என்கிட்டதான் இருக்கு. இன்னும் கிழிச்சுப் போடல."

தையல்காரிக்கு இப்போதும் வழி இருந்தது. அவள் உதட்டில் சத்தம் வராது, மகளுக்குக் கேட்காது. 'வாங்கங்கிறா' என்று ஒற்றை வார்த்தையை அசைத்துவிட்டுப் போனை வாங்கி வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குக் காய்ச்சலும் தயாராக இருக்கிறது. அவர் கண் அவள் வாயை விட்டு நகரவில்லை. அந்த ஒரு நொடி அவள் அவரை வெறுத்தாள், மகளை வெறுத்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் வாயாக வாழ்ந்த தன்னையும் வெறுத்தாள். பிறகு முழுவதையும் சொன்னாள். எங்கேயும் பிடிக்கவில்லை, எதையும் மடிக்கவில்லை. கிழிச்சுப் போடல என்கிற இடத்தில் அவள் உதடு நடுங்கியது. அவர் புரியவில்லை என்று கையைக் காட்டினார். அதை அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"இது அவ பேச்சு," என்றார். அதுவும் உரக்கத்தான் வந்தது, போனுக்கும் சேர்த்து. "இத்தனை நாளா நீ சொன்னியே, சாப்டாச்சான்னு கேக்கிற பொண்ணு, தைலம் தேச்சுக்கச் சொல்ற பொண்ணு. அது யாருன்னே எனக்குத் தெரியல. ஆனா நல்ல பொண்ணு. அது வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்துட்டுப் போச்சு."

போனில் மகள் இன்னும் இருந்தாள். கத்தியை எங்கோ வைத்துவிட்டிருந்தாள், வாய் மூடியிருந்தது. அவள் எதுவும் சொல்லாததால் தையல்காரிக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, அந்த மூடிய உதட்டைப் பார்த்தபடி இருந்தார். திரையின் மேல் ஓரத்தில் நான்கு நிமிஷம் பத்து நொடி என்று காட்டியது, பதினொன்று, பன்னிரண்டு. யாரும் துண்டிக்கவில்லை.