முனியராஜ் அனுப்பிய மெயில்

தங்கச்சாமிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மகள் கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து அது இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துச்செல்வியைச் சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிவந்து, அவள் மெயிலைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். சிங்கப்பூரில் அச்சக வேலை பார்க்கும் முனியராஜைத்தான் பேசியிருந்தார்கள். "பெத்தவுக சொன்னாப் போதாது, சம்மதம்னு பையனே எழுதணும்" என்று ஒற்றைக்காலில் நின்றவர் இவர்தான். சாயங்காலம் தரகருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மெயில் வந்திருந்தது. திறந்தால், அடக் கடவுளே! vdf;F rk;kjk; என்று தொடங்கித் திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக அள்ளிக் கொட்டியிருந்தது.

"என்ன எளவு இது?" என்றார் தங்கச்சாமி.

கடைக்காரர் ராம்குமார் எட்டிப் பார்த்தார். "வைரஸா இருக்கும் அண்ணாச்சி."

"வைரஸாவது மண்ணாவது! நம்மளக் கேனையன்னு நெனச்சிட்டான். இந்தச் சங்காத்தமே வேண்டாம். எந்திரி, ஆத்தா!"

முத்துச்செல்வி எழுந்திருக்கவில்லை. ஆஃப்செட் பிரஸ்ஸில் வருஷக்கணக்காகக் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் டைப் அடிக்கிறவள் அவள். அங்கே எல்லாமே பாமினி எழுத்துருதான். அது இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் இப்படித்தான் வேஷம் மாறி நிற்கும். எந்தத் தமிழ் எழுத்து எந்த இங்கிலீஷ் சாவியில் இருக்கிறதென்று அவள் விரலுக்கு அத்துப்படி. பிரஸ்ஸில் வைத்துத்தான் திறப்பாள் என்று நினைத்து, முனியராஜ் பழைய பழக்கத்தில் பாமினியிலேயே அடித்துத் தள்ளியிருக்கிறான், மடையன்!

எனக்கு சம்மதம். நீங்கள் கேட்டதுபோல் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம்.

சந்தோஷத்தில் திரைக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷமே பின்னால் நிற்கும் அப்பாவின் நினைப்பு வந்தது. மகள் வேலையை விட்டுவிடுவாள் என்று மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார் அப்பா. அவருக்குத் தெரியாமல்தான் இவள் முனியராஜுக்கு எழுதிக் கேட்டிருந்தாள். வாயைத் திறந்தால் குட்டு உடையும். திறக்காவிட்டால் சம்பந்தமே போய்விடும்.

"அய்யா, உக்காருங்க. இது தமிழ்தான். நான் படிக்கிறேன்."

வேலை வரியை விழுங்க மனசில்லாமல் அப்படியே படித்தாள். "நீங்கள் கேட்டதுபோல்" என்ற இடத்தில் தங்கச்சாமியின் முகம் கறுத்தது.

"நீ கேட்டியா? எப்ப?"

"போன வாரம். பிரஸ்லருந்து எழுதுனேன். எனக்கு அந்த வேல வேணும்யா. நீங்க என்னைய ஒரு வார்த்த கேக்காம, நான் வேலைய விட்ருவேன்னு சொல்லிட்டீக."

ராம்குமார் மெல்ல நழுவி வாசல் பக்கம் போய்விட்டார்.

தங்கச்சாமி திரையையே முறைத்துப் பார்த்தார். "நெசமாவே அப்பிடித்தான் போட்டிருக்கா? இல்ல, நீயா அளந்து விடுறியா?" கடைசி வரியில் விரலை வைத்தார். "இங்கன என்ன இருக்கு? படி."

அவள் யோசிக்காமல் படித்துவிட்டாள். "வேலை விஷயம் மாமாவுக்குத் தெரிய வேண்டாம். கோபக்காரர் என்று சொன்னார்கள். ஊருக்கு வந்ததும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்."

படித்து முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தங்கச்சாமி அவளையே பார்த்தார். பிறகு கடையே அதிரும்படி சிரித்தார்.

"சரிதான், நீயா அளந்தது இல்ல! போ தாயி, வேலைக்குப் போ. எனக்குப் பயப்படுறதுக்கு நம்ம வீட்டுக்கு ஒரு ஆளாச்சும் வரட்டும்."