கடைசிவரை கேட்ட இருபத்து மூன்று பேர்

ஜிஹூனை மதப்பணிக்குத் தயார்செய்தவர்கள் எதிர்ப்பைத் தாங்கத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கதவை முகத்தில் சாத்தினால் எப்படிப் புன்னகைப்பது, வசவு விழுந்தால் எங்கே பார்ப்பது, நாய் துரத்தினால் பையை எந்தக் கைக்கு மாற்றுவது என்று கொரியாவில் தேகு நகரத்து மண்டபம் ஒன்றில் பத்து மாதம் ஒத்திகை நடந்தது. காபி கொடுத்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

வலங்கைமானுக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. இதுவரை யாரும் அவனை எதிர்க்கவில்லை. எந்த வீட்டு வாசலில் நின்றாலும் "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார்கள். மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டார்கள். வடகொரியாவா தென்கொரியாவா, கல்யாணம் ஆகிவிட்டதா, அந்த ஊர் நாடகத்தில் வரும் பையன்கள் நிஜமாகவே உதட்டுச்சாயம் பூசுகிறார்களா என்று விசாரித்தார்கள். அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த சாட்சியுரையைத் தொடங்குவான்: "ஐயன்மீர், அடியேன் ஓர் இருண்ட பள்ளத்தாக்கில் அலைந்துகொண்டிருந்தேன்." அவ்வளவுதான். யாராவது ஒருவர் தன் பள்ளத்தாக்கை எடுத்து வைத்துவிடுவார். சர்க்கரை வியாதி, மூட்டு வலி, சுவர்த் தகராறு. சாட்சியுரை பன்னிரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தைத் தாண்டி அவன் எந்த வீட்டிலும் பேசியதில்லை. காபி மட்டும் ஒரு நாளைக்கு ஒன்பது.

சிக்கல் என்னவென்றால், தேகுவில் உள்ள தலைமையகத்தின் இயக்குநர் பேக் பதினான்கு நாள் கெடு வைத்திருந்தார். கடைசிவரை கேட்டவர்கள் பத்துப் பேர், பெயரும் கையொப்பமும் உள்ள பட்டியலாக, இரண்டாவது சனிக்கிழமைக்குள் வந்து சேரவேண்டும். வராவிட்டால் திரும்பி வந்து நாள்காட்டிப் பிரிவில் சேர வேண்டியது. ஆண்டு முழுவதும் நாள்காட்டியைச் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டும் வேலை. அந்தப் பிரிவிலிருந்து தப்பிக்கத்தான் தனக்கு இறை அழைப்பு வந்ததோ என்ற சந்தேகம் ஜிஹூனுக்கு அவ்வப்போது எழும். அப்போதெல்லாம் எழுந்து நடப்பான்.

"தம்பி, மாடி தேஞ்சிடும்" என்றாள் கமருன்னிஸா. அவன் குடியிருந்த மாடி அறைக்குச் சொந்தக்காரி. "எங்க வூட்டுக்காரரும் மஸ்கட் போன புதுசுல இப்படித்தானாம். ஒரு மாசம் ராவும் பகலும் நடந்தாராம். அப்பறம் மூட்டை தூக்கச் சொன்னாங்க, சரியாப் போச்சு."

"அம்மையீர், எனக்கு இன்னும் மூன்று நாட்களே எஞ்சியுள்ளன."

"எதுக்கு?"

"என் உரையைக் கேட்கப் பத்துப் பேர் வேண்டும்."

அவள் யோசித்தாள். "வூட்டுக்குப் போனா எவன் கேப்பான்? ஆளுக்கு ஆயிரம் சோலி. வேற வழியில்லாம ஒக்காந்திருக்கற எடமாப் பாத்துப் போங்க. மேக்கால நெல்லுக் கொள்முதல் நிலையம் இருக்கு. எட்டு நாளா நெல்லை எடைபோட்டு மூட்டை போடாம ஜனம் காத்துக் கெடக்குதாம்."

வியாழக்கிழமை காலை ஜிஹூன் அங்கே போனான். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கழுத்தில் படத்துடன் தொங்கும் அடையாள அட்டை, கையில் அட்டையில் செருகிய படிவங்கள், மடக்குக் குடை. எல்லாம் தலைமையகம் விதித்த சீருடை.

குறுவை அறுவடை முடிந்து மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. தார்ச்சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. நிலையத்தின் முன்னால் குவியல் குவியலாக நெல். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் அதன் சொந்தக்காரர். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குமேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். வானமோ அதற்குக் கீழே இறங்க விடவில்லை. உள்ளே ஒரு நாற்காலியில், துண்டு விரித்து, அதன்மேல் இன்னொரு துண்டு மடித்துப் போட்டு, பட்டியல் எழுத்தர் குணசேகரன் அமர்ந்திருந்தார். அவர் பருவத்துக்கு மட்டும் எடுக்கப்பட்ட தற்காலிக ஊழியர். அந்த மூன்று மாதத்துக்கு அவரைவிட நிரந்தரமாக யாராலும் உட்கார முடியாது.

ஈரப்பதத் தளர்வு பற்றி நேரில் பார்க்க மத்தியக் குழு மாவட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று முந்தின நாளே பேச்சு வந்திருந்தது. அந்த நேரத்தில் வடகிழக்கு மாநிலத்து முகமும் டையும் அட்டையுமாக ஒருவன் சேற்றில் இறங்கி வந்து, "ஐயன்மீர், தங்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்" என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? அந்தத் தமிழை இந்தியாவில் இரண்டே வகையினர் பேசுவார்கள். ஒன்று மேடைப் பேச்சாளர். மற்றது, வேலைக்குச் சேர்ந்தபின் பரீட்சைக்காகத் தமிழ் படித்த வெளிமாநில அதிகாரி.

"எந்திரிங்கய்யா, எந்திரிங்க! டெல்லி வந்திருச்சு!" என்று எழுந்தார் துரைராசு. மூன்றரை ஏக்கர் குத்தகைக்காரர். அவர் குவியல்தான் முன்வரிசை.

எல்லோரும் வந்து வட்டமாக நின்றார்கள். ஒருவர் ஒரு பிடி நெல்லை அள்ளி ஜிஹூனின் கையில் வைத்தார். அடிப்பக்கத்து நெல்லில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. துண்டுகளைத் துறந்து குணசேகரனே வெளியே வந்தார்.

"அடியேன் ஓர் இருண்ட பள்ளத்தாக்கில் அலைந்துகொண்டிருந்தேன்" என்று ஆரம்பித்தான் ஜிஹூன்.

யாரும் குறுக்கே பேசவில்லை. மூன்றாவது நிமிடம் கடந்தது. ஐந்து கடந்தது. அவனாலேயே நம்ப முடியவில்லை. ஏழாவது நிமிடத்தில் அடுத்த வரி மறந்துபோய், இரண்டு முறை ஒரே பத்தியைச் சொன்னான். அதற்கும் தலையாட்டினார்கள். அரசாங்க அதிகாரி நேரே விஷயத்துக்கு வந்ததாக அங்கே யாருக்கும் நினைவில்லை. எந்தப் பள்ளத்தாக்கு, என்ன இருள் என்பதெல்லாம் முன்னுரை. ஈரப்பதம் முடிவில் வரும் என்று பொறுமையாக நின்றார்கள்.

பிறகு படிவத்தை நீட்டினான். பெயர், ஊர், கைபேசி எண், கையொப்பம், நடுவில் ஒரு பெரிய கட்டம்: 'மனதை வருத்தும் காரியம்.' இருபத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். இருபத்து மூன்று கட்டத்திலும் 'ஈரப்பதம்' என்று இருந்தது. ஒருவர் மட்டும் 'மருமகன்' என்று எழுதி, அடித்துவிட்டு, ஈரப்பதம் என்று மாற்றியிருந்தார்.

மாடிக்குத் திரும்பியதும் பட்டியலைப் படம் பிடித்து தேகுவுக்கு அனுப்பினான். அரை மணியில் பதில் வந்தது. 'ஒரு கிராமமே விழித்தெழுந்தது! ஆண்டு மலரின் முகப்புக்கு உன் படம் வேண்டும்! ஈரப்பதம் என்பது எந்தத் தீய சக்தி?'

அதற்கு அவன் விடை தேடுமுன் கமருன்னிஸா கைபேசியோடு படியேறி வந்தாள். "தம்பி, இது நீங்கதானே?"

விவசாயிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவன் படம். வாய் திறந்தபடி, கையில் முளைவிட்ட நெல்லோடு. கீழே: 'மத்தியக் குழு அதிகாரி திடீர் ஆய்வு. விவசாயிகளிடம் உருக்கமாகப் பேசினார். உடனடியாக மூட்டை போட உத்தரவு.'

"நான் எந்த உத்தரவும் இடவில்லை!"

"குணசேகரன் தானா பயந்து தராசை எறக்கிட்டாராம். மத்தியானத்துலேருந்து மூட்டை ஓடுதாம்." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரு டைக்கு இவ்வளவு மருவாதியா? எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கிப் போடணும்."

அன்று அவனால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. இருபத்து மூன்று பேர் கேட்டார்கள். கேட்டது மெய். கையொப்பம் மெய். ஆனால் அவர்கள் கேட்டது அவனை அல்ல. இதைச் சொன்னால் நாள்காட்டி. சொல்லாவிட்டால் ஆண்டு மலரின் முகப்பு. உண்மையைச் சொல்லத்தான் கடல்தாண்டி வந்திருப்பதாக அந்தப் பன்னிரண்டு நிமிட உரையில் நான்கு இடங்களில் வருகிறது.

வெள்ளிக்கிழமை டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான்.

வாசலிலேயே குணசேகரனிடம் சொன்னான். "ஐயா, நான் மத்தியக் குழு அல்லன். கொரியாவிலிருந்து வந்த மதப்பணியாளன்."

குணசேகரன் அவனைத் தராசு மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "மெதுவா, சார். அது நேத்து சாயங்காலமே எனக்குத் தெரியும்."

"தெரிந்துமா?"

"மேல அறிக்கை அனுப்பிட்டேனே. 'அதிகாரி ஆய்வு செய்தார், திருப்தி தெரிவித்தார்.' மேல இருக்கறவரு அதுக்கு மேல அனுப்பிட்டாரு. அவங்க பாராட்டு வேற அனுப்பிட்டாங்க. இப்ப வந்தது அதிகாரி இல்லைன்னு சொன்னா, யாரு திருப்தி அடைஞ்சான்னு கேப்பாங்க. நீங்க பாட்டுக்கு வந்தீங்க, போனீங்க. மத்ததை ஆபீஸ் பாத்துக்கும்."

ஜிஹூன் குவியல்கள் பக்கம் போனான். வரிசை பாதிதான் குறைந்திருந்தது. நேற்று முன்வரிசையில் இருந்த துரைராசின் குவியல் இன்றும் அங்கேயே இருந்தது. கருவி பதினெட்டு காட்டியதாம். போலி அதிகாரியால்கூட அந்த ஒன்றைக் குறைக்க முடியவில்லை. அவர் மனைவி பிரகதாம்பாள் சாலையில் பரப்பிய நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஐயன்மீர், நேற்று உங்களை ஏமாற்றிவிட்டேன். நான் அதிகாரி அல்லன்."

துரைராசு வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அட, உக்காருங்க தம்பி. அதிகாரின்னா நெல்லை உள்ளங்கையில வாங்குவாரா? பன்னெண்டு மணிக்கே எங்களுக்குச் சந்தேகம். அந்தாளு தராசை எறக்குன பிறகு நாங்க எதுக்கு வாயத் தொறக்கணும்?"

"அப்படியானால் என் உரையை..."

"கேட்டோமே! பொய்யா? கையெழுத்துப் போட்டோம்ல?"

"நான் யாரென்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பீர்களா?"

கேள்வி துரைராசிடம்தான். பதில் சாலையிலிருந்து வந்தது. "கேட்டிருக்க மாட்டோம்" என்றாள் பிரகதாம்பாள், கால் நிற்காமல். "நாளைக்கு மழைன்னு சொல்றான். அவனவன் வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறான். இதுல உங்க பள்ளத்தாக்கை யாரு கேக்குறது? அது சரி, படிச்ச புள்ளையா இருக்கீங்க, இப்படி வெயில்ல அலையிறீங்களே. உங்கப்பா என்ன பண்றாரு?"

சாட்சியுரையில் அப்பா இல்லை. இயக்குநர் பேக் திருத்தியபோது நீக்கிவிட்டார். ஜிஹூன் தனக்குத் தெரிந்த சொற்களைக் கூட்டிப் பார்த்தான். "விவசாயம். ஸ்ட்ராபெரி. பிளாஸ்டிக் கூடாரம் போட்டு அதற்குள்."

"கூடாரத்துக்குள்ளயா? எத்தனை ஏக்கர்?"

"ஒன்றரை. நான் பள்ளியில் இருந்தபோது பெரிய பனி பெய்தது. ஒரே நாளில் கூடாரம் விழுந்துவிட்டது. எல்லாம் அழுகிப்போனது. அப்பா மூன்று நாள் பனியை வாரிக்கொண்டே இருந்தார்."

பிரகதாம்பாளின் கால் நின்றது. துரைராசு பீடியை அணைத்தார். அடுத்த குவியலிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

"காப்பீடு பண்ணியிருந்தாரா?"

"பண்ணியிருந்தார் என்று நினைக்கிறேன்."

"வந்துச்சா?"

ஜிஹூன் வாயைத் திறந்தான். அந்த நேரம் கிழக்கே சடசடவென்று சத்தம் கேட்டது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. "தார்ப்பாய்! தார்ப்பாய்!" என்று மொத்தக் கூட்டமும் சிதறி ஓடியது. பிரகதாம்பாள் சாலையில் கிடந்ததைக் கூட்டிக் குவிக்க, துரைராசு ஒரு நீலத் தார்ப்பாயை விரித்துக் கத்தினார். "அந்த முனையப் புடிடா! காத்துல போவுது, உக்காருடா அது மேல!"

ஜிஹூன் அதன் மேல் உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் மழை பெய்தது. பதிமூன்று நாளாக ஓரிடத்தில் நிலையாக உட்காராதவன் அந்த முக்கால் மணி நேரமும் அசையவில்லை; அசைந்தால் மூன்றரை ஏக்கர் பறந்துவிடும்.

சனிக்கிழமை காலை தலைமையகத்துக்கு எழுதினான். 'முன்பு அனுப்பிய பட்டியல் செல்லாது. அவர்கள் என்னை வேறொருவர் என்று நினைத்துக் கேட்டார்கள். என்னைத் தெரிந்து, கடைசிவரை கேட்டவர்கள்: எவருமில்லை. திரும்பி வரத் தயாராக இருக்கிறேன்.' அனுப்பிவிட்டுப் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தான். சட்டைகளை மடித்தான், பிரித்தான், மீண்டும் மடித்தான்.

மதியம் பதில் வந்தது. இந்த முறை ஆச்சரியக்குறிகள் இல்லை.

'ஆண்டு மலர் முப்பதாயிரம் பிரதி அச்சாகிவிட்டது. முகப்பில் நீ, உன் அடையாள அட்டைப் படத்தோடு. அந்தக் கிராமத்துக்காக மூன்று நகரங்களில் ஜெபக்கூட்டம் ஏற்பாடாகியுள்ளது. இந்த நிலையில் நீ திரும்பி வருவது யாருக்கும் புரியாது. அங்கேயே இரு. இனி இந்த மாதிரி விவரங்களை எழுத்தில் அனுப்பாதே.'

அவன் அதை இரண்டு முறை படித்தான். பொய்யால் கிடைக்கவிருந்த இடம், உண்மையைச் சொன்ன பிறகும் அப்படியே இருந்தது. அவன் சொன்னதைத்தான் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. குணசேகரனும் இயக்குநர் பேக்கும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பார்த்தால் நன்றாகப் பழகியிருப்பார்கள்.

"பெட்டி எதுக்கு?" என்றாள் கமருன்னிஸா, வாசலில் நின்று. "போறீங்களா, இருக்கீங்களா? சொல்லிட்டா ஒலையில அரிசி கூட்டிப் போடுவேன்."

"இருக்கச் சொல்லிவிட்டார்கள்."

"அவங்க சொன்னது கெடக்கட்டும். நீங்க?"

பதில் சொல்வதற்குள் கைபேசி அடித்தது. தெரியாத எண். படிவத்தில் அவன் எண்ணும் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து ஒருவர்கூட இதுவரை கூப்பிட்டதில்லை.

"தம்பி, நான் பிரகதாம்பா. இன்னிக்குக் காலையில நல்ல வெயில், காய வச்சு நம்ம மூட்டையப் போட்டுட்டோம், பதினாறு புள்ளி ஒம்போது! அத விடுங்க. உங்கப்பாவுக்குக் காப்பீடு வந்துச்சா இல்லையா? ராத்திரி பூரா இவரு தூங்கவுடல, கேளு கேளுன்னு."

ஜிஹூனுக்குத் தெரியவில்லை. பள்ளத்தாக்கைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் தெரியும், இது தெரியாது.

"அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றான்.

"கேளுங்க. நாங்க இங்கதான் இருக்கோம், தார்ப்பாய் காய வச்சிக்கிட்டு."

அவன் கைபேசியை இறக்கி, கமருன்னிஸாவைப் பார்த்தான். "அரிசி கூட்டிப் போடுங்கள், அக்கா" என்று சொல்லிவிட்டு, நெடுநாளாக அழைக்காத எண் ஒன்றைத் தேட ஆரம்பித்தான்.