காஷ்

ஆலையின் ஓடும் பட்டையில், கோழிகள் கூம்புகளில் குத்தப்பட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தன. தலையும் காலும் போன முண்டங்கள். வெர்லீன் டப்ஸ் தோள்மூட்டில் ஒரு வெட்டு வெட்டி, இறக்கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து, அடுத்ததற்குக் கையை நீட்டினாள். நெஞ்சுக்கறியை அறுத்தெடுப்பது அவளுக்கு வலப்பக்கம் நிற்கும் தோமாசாவின் வேலை. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் நிற்பதுபோல் குளிர். இரண்டு கையுறை போட்டும் விரல் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அறுக்காத முண்டம் ஒன்று தோமாசாவைத் தாண்டிப் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று.

"ஏய், மெக்சிகோ! கோழி போகுது பாரு, தூங்குறியா?" என்று வெர்லீன் கத்தினாள்.

தோமாசா மெக்சிகோக்காரி இல்லை, குவாத்தமாலா மலைக்காரி. டக்கர்ஸ் மில் என்ற அந்தச் சின்ன ஊரில் அந்த வித்தியாசம் யாருக்கும் தேவைப்படவில்லை. ரயில் பாதைக்கு மேற்கே வெள்ளையர், கிழக்கே வெர்லீனைப் போன்ற கறுப்பர். ஆலைக்குப் பின்னாலிருந்த தகரக் கூண்டு வீடுகளில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் மெக்சிகோ.

தோமாசாவின் கத்தி கீழே கிடந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்பக்கம் மடங்கிக்கொண்ட மூன்று விரல்கள் நிமிர மறுத்தன.

"காஷ்," என்றாள். அந்தக் கையைத் தூக்கி வெர்லீனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "காஷ், காஷ்."

"கேஷா? நல்ல ஆளாப் பாத்துக் கேட்ட போ. நானே சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு நிக்கிறேன்."

எதிர்வரிசையில் நின்ற எர்னஸ்டீன் சிரித்தாள். "கைய நீட்டுறதப் பாரேன். சர்ச்சுல காணிக்கைத் தட்டு நீட்டுறவளே தோத்தா!"

அறுக்காத முண்டங்கள் கோடியில் குவிந்து சரிந்தன. பட்டை நின்றது. மஞ்சள் தொப்பியோடு ராய்ஸ் ஓடிவந்தான். வெர்லீனின் மூத்த மகனைவிட வயதில் சின்னவன், அந்த வரிசைக்கு மேற்பார்வையாளன்.

"யாரு நிப்பாட்டினது? என்ன வேணுமாம் இவளுக்கு?"

"கேஷ் வேணுமாம், மிஸ்டர் ராய்ஸ்."

வெர்லீன் சிரிப்புக்குச் சொன்னதுதான். அதாவது பாதி சிரிப்புக்கு. மீதிப் பாதி, அவளுடைய தம்பி மகன் கேட்டும் கிடைக்காமல், மொத்தமாக மெக்சிகோக்களுக்குப் போன ராத்திரி ஷிஃப்டுக்கு.

ராய்ஸ் சிரிக்கவில்லை. போன மாதம்தான், கைவலிக்கு ஆலை நஷ்டஈடு தரவேண்டும் என்று யாரோ இரண்டு பேர் ஜாக்சன் நகரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்திருந்தார்கள். அதிலிருந்து மேலே இருந்தவர்கள் அவனைக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

"கையக் காட்டியா கேட்டா?"

"காட்டித்தான் கேட்டா." தோமாசாவின் மடங்கிய விரல்களைச் சுட்டிக் காட்டினாள் வெர்லீன். "இதோ, இந்தக் கைய."

தோமாசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்பதுபோல் தலையை வேகமாக ஆட்டினாள்.

ஆபீஸ் அறையில் நெரெய்தா மொழிபெயர்த்தாள். டெக்சாஸில் பிறந்தவள். அவள் அப்பா எல்லை தாண்டி வந்து வெங்காயம் பறித்தவர். ரயில் பாதைக்கு மேற்கே வாடகைக்கு வீடு பிடிக்க முடிந்த ஒரே ஒரு ஸ்பானிஷ்காரி அவள்தான். வெர்லீன் கதவோரம் நிற்க, ராய்ஸ் கேட்கக் கேட்க நெரெய்தா ஸ்பானிஷில் கேட்டாள்.

"பணம் கேட்டியா?"

"ஸீ," என்றாள் தோமாசா. ஆமாம் என்கிற அந்த ஒரு ஸ்பானிஷ் சொல்லைத்தான் அவள் எல்லாவற்றுக்கும் குடைபோல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கை வீட்டுலயே இப்படித்தான் இருந்துச்சா?"

"ஸீ."

"அப்ப ஆலைமேல தப்பு இல்ல?"

"ஸீ, ஸீ." மரியாதையாகச் சிரித்தாள்.

நெரெய்தா நெற்றியைச் சுருக்கினாள். "சார், இவளுக்கு ஸ்பானிஷ் சரியா வரலையோன்னு..."

"மெக்சிகோக்காரிக்கு ஸ்பானிஷ் வராதா? நல்ல கதையா இருக்கே. இவ பேருக்கு நேரா ஹிஸ்பானிக்னுதான போட்டிருக்கு. நீயும் அதான, அவளும் அதான. உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவரலன்னா நான் எங்க போறது?"

நெரெய்தா மேசைமேல் இருந்த தன் காபிக் குவளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ரப்பர் பூட்ஸையும் மேலங்கியையும் தோமாசா அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை வெர்லீனும் அக்கா ஒடெஸ்ஸாவும் துணி வெளுக்கும் கடையில் போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பக்கத்தாரும் ஒரே கூரைக்கடியில் நிற்கிற இடம் அது ஒன்றுதான். ஆனாலும் வெள்ளைக்காரிகளின் இயந்திரங்கள் ஜன்னலோரம், மெக்சிகோக்களின் இயந்திரங்கள் கழிவறையோரம். யாரும் எழுதி ஒட்டவில்லை.

"ஒருத்திய அனுப்பிட்டாங்களாமே?"

"வேலைக்கு வந்தா வேலை செய்யணும்க்கா. கைய நீட்டி காசு கேட்டா? எந்தக் கூலிக்கும் வந்துர்றாளுங்க, அப்புறம் நோவுங்குறாளுங்க."

ஒடெஸ்ஸா போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தாள். "அம்மாவ அந்த லைன்ல மொதமொத சேத்தப்ப, அதுவரைக்கும் அங்க நின்ன வெள்ளைக்காரிங்க என்ன சொன்னாளுங்க தெரியுமாடி? எந்தக் கூலிக்கும் வந்துர்றாளுங்கன்னு."

"அது வேறக்கா."

"வேறதான். அது அவளுங்க சொன்னது. இது நீ சொல்றது."

அப்போது கழிவறையோரம் ஒரு வீறிடல். மூன்று வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை உலர்த்தும் இயந்திரத்தின் கதவில் விரலை நசுக்கிக்கொண்டிருந்தது. "காஷ்! காஷ்!" என்று அலறியது. தறியில் நெய்த பாவாடை கட்டிய தாய் ஓடிவந்து தூக்கினாள். விரலை வாயருகே வைத்து ஊதினாள். "காஷ், காஷ்," என்று அவளும் மெதுவாகச் சொல்லி, குழந்தையை இடுப்பில் வைத்து ஆட்டினாள்.

போர்வையின் முனை வெர்லீனின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி?"

"அந்தப் பிள்ளை... கேஷ் கேக்குதா?"

"அடி கூறு கெட்டவளே! பச்சப் பிள்ளைக்கு எதுக்குடி கேஷ்? வெரல் நசுங்கி வலிக்குதுன்னு கத்துது. இதுக்கு மொழிபெயர்க்க வேற ஒரு ஆள் வரணுமா?"

திங்கட்கிழமை பட்டை ஓடத் தொடங்குமுன் அவள் ராய்ஸை வழிமறித்தாள்.

"மிஸ்டர் ராய்ஸ், தோமாசா அன்னிக்குக் காசு கேக்கல. வலிக்குதுன்னு சொல்லியிருக்கா. அவங்க பாஷையில அது அப்படித்தான். ஸ்பானிஷ்கூட இல்ல, வேற பாஷை. நெரெய்தாகூட அன்னிக்குச் சந்தேகப்பட்டாளே."

"யாரு சொன்னா?"

"சின்னப் பிள்ளை ஒண்ணு."

ராய்ஸுக்குக் கோபமில்லை. குரலைத்தான் தாழ்த்தினான்.

"இங்க பாரு வெர்லீன். நீ சொன்னதத்தான் நான் மேல சொன்னேன். இப்ப நான் போயி அது அப்படியில்லன்னா, உன்னைத்தான் கூப்பிடுவாங்க. நல்லா இருந்த ஒருத்திய மாட்டிவிட்டவ நீதான்னு ஆயிடும். ஓய்வுக்கு உனக்கு இன்னும் ரெண்டு வருஷமோ என்னமோதான இருக்கு? சொல்லு, போயிச் சொல்லட்டா?"

பட்டை முனகிக்கொண்டு நகரத் தொடங்கியது. முதல் முண்டம் வந்தது. எதிர்வரிசையில் எர்னஸ்டீன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தாள்.

"சொல்லுங்க," என்றாள் வெர்லீன். "நான் தப்பாக் கேட்டுட்டேன்னு சொல்லுங்க."

"அவ எடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. சொன்னா நீயும் போவ. அவ திரும்பி வரப் போறதில்ல. ரெண்டு எடம் காலியாகும், அவ்வளவுதான்." தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "உன் நல்லதுக்கு நான் ஒண்ணும் கேக்கலன்னு வெச்சுக்கிறேன். போ, கோழி வருது."

வெர்லீன் போனாள். தோள்மூட்டில் வெட்டினாள், இழுத்தாள். ராத்திரிகளில் தன்னுடைய விரல்களும் மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து உதறவேண்டியிருப்பதை அவள் ஒடெஸ்ஸாவிடம்கூடச் சொன்னதில்லை.

வேலை முடிந்ததும் ஆலைக்குப் பின்னால் நடந்தாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், அந்தப் பக்கம் கால் வைத்தது அன்றுதான். கூண்டு வீடுகள் ஆலைக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பழைய டிரக் நின்றது. அதன் கூரைமேல் ஒரு மெத்தை. தோமாசா இடது கையால் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கொழுந்தன் உள்ளேயிருந்து அடுப்பைத் தூக்கி வந்தான்.

வெர்லீனைப் பார்த்ததும் தோமாசாவின் முகம் மலர்ந்தது. கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓடிவந்து, வெர்லீனின் முன்கையைத் தடவினாள். வெர்லீனின் வாயைச் சுட்டிக் காட்டினாள். தன் மடங்கிய விரல்களைக் காட்டினாள். பிறகு ஆலையின் பக்கம் கையை வீசி, ராய்ஸின் தொப்பியைப்போல் தன் தலைமேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். என் கைக்காக அவனிடம் நீ பேசினாயே என்று அர்த்தம்.

"இல்ல," என்றாள் வெர்லீன். "இல்லம்மா, கேளு. நான்தான்... நான் அவன்கிட்ட..."

"ஸீ, ஸீ," என்றாள் தோமாசா.

உள்ளே போய், சோளமட்டையில் கட்டி அவித்த தமால் கொழுக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து வெர்லீனின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். சூடாக இருந்தது.

வெர்லீன் அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கயிற்றின் முனையை எடுத்து, மெத்தையைச் சுற்றி இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்து மூன்றாவது முடிச்சும் போட்டாள். அதற்குமேல் அங்கே அவளுக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை.

டிரக் சேற்றில் உறுமி நகர்ந்தது. அது வழிவிடட்டும் என்று பாதையோரம் ஒரு வெள்ளை வேன் காத்திருந்தது. டிரக் போனதும் அது அதே வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்த ஆலைக்காரன் சாவியை எடுத்துக்கொண்டு படியேறினான். பின்கதவு திறந்து ஒரு குடும்பம் இறங்கியது. எந்த நாட்டுக்காரர்கள் என்று வெர்லீனுக்குத் தெரியவில்லை. முகத்தில் ஏதோ சந்தனம்போல் பூசியிருந்த ஓர் இளம்பெண், யாருடைய உதவியும் கேட்காமல் இரண்டு பெரிய மூட்டைகளை ஒரே தூக்கில் தூக்கிக்கொண்டாள். பத்து விரல்களும் நேராக, வலுவாக இருந்தன.