உதிராத பொருக்கு

கருவாட்டுக் களத்தின் படல் இன்னும் திறக்கவில்லை. லீமாரோஸ் வெளியே மணலில் காத்து நின்றாள். மற்ற பெண்கள் அவளை விட்டு நாலு முழம் தள்ளியே நின்றார்கள்.

சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவள் அவள். முகமெல்லாம் தழும்பு. மாசியில் கரையோரம் அம்மை பரவியது. அம்மை குத்த வந்த ஆளைக் கண்டு இந்தப் பெண்கள் வள்ளங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். களத்து முதலாளி செபஸ்தியானின் ஆறு வயது மகள் புஷ்பமேரிக்கும் கண்டதும், அவர் லீமாரோஸின் குடிசைக்கே வந்தார்.

"ஒனக்கு ஒருக்க வந்துருச்சு, இனி வராது. பிள்ளையப் பாத்துக்க. ஒன் வேல எங்கயும் போகாது."

இருபது நாள் அந்தப் பின்கட்டு அறையிலேயே கிடந்தாள். இளநீர் புகட்டினாள். சீழ்த் துணிகளை எரித்தாள். பெற்றவள் வாசல்வரைதான் வந்தாள். குழந்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட மறுநாளே, லீமாரோஸைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

செபஸ்தியான் வந்து படலைத் திறந்தார். பெண்கள் உள்ளே போனார்கள்.

"நீ நில்லு, லீமாரோஸு."

"என்ன முதலாளி?"

"நீ தொட்ட கருவாட எடுக்க மாட்டேன்னு யாவாரி சொல்லிட்டான். இவளுகளும் ஒன் பக்கத்துல உக்கார மாட்டேங்குறாளுக. கொஞ்ச நாள் போகட்டும்."

"எனக்கு இனி வராதுன்னு நீங்கதான சொன்னீக?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்ல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. திரும்பிப் போகாமல் படலருகிலேயே நின்றாள்.

அப்போது புஷ்பமேரி வீட்டிலிருந்து களத்துக்குள் ஓடிவந்தாள். கன்னத்திலும் கழுத்திலும் பொருக்குகள் கறுத்து ஒட்டியிருந்தன.

"சேசுவே, முதலாளி மக பொழச்சு வந்துருச்சே!" உள்ளே போன பெண்களில் ஒருத்தியான அற்புதம்மாள் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டாள்.

"முதலாளி, பொருக்கு இன்னும் உதிரல. அது முழுசா விழுகுற மட்டும் யாரும் தொடக்கூடாது. பிள்ளைய உள்ள அனுப்புங்க" என்று லீமாரோஸ் வெளியிலிருந்து கத்தினாள்.

"வாய மூடு. ஏம் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல."

செபஸ்தியான் படலை இழுத்துக் கட்டினார். ஓலை இடுக்கு வழியே லீமாரோஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை ஒவ்வொருத்தி கையாக மாறியது. கடைசியில் வாங்கியவளின் இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை இருந்தது. அது சிரித்துக்கொண்டே எக்கி, புஷ்பமேரியின் கன்னத்துப் பொருக்கைப் பிய்த்து வாயில் வைத்தது.