பிளக்ஸில் ஏழு முகங்கள்

நேற்று மாலை கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் சங்கத்துக்காகக் கட்டிய பிளக்ஸ், இன்று காலை ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளிலிருந்து இறங்கிய செந்தமிழ்ச்செல்விக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ நல்ல மனசுக்காரர் ஆலை வாசலுக்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறார் என்றுகூட நினைத்தாள். அவ்வளவு வெகுளி.

பிளக்ஸுக்குக் கீழே ஒரு புது வாட்ச்மேன். உள்ளே போகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, அண்ணாந்து படத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். படத்தில் இருந்தால் ஓரமாக நிற்கச் சொன்னான். ஏற்கெனவே ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னாண்ணா இது?" என்றாள் செல்வி.

"காண்ட்ராக்ட் மாறிடுச்சும்மா. புது காண்ட்ராக்டருக்கு இந்த ஏழு பேரு வேணாமாம். என்னிய கேக்காத. மேல மேனேஜர் பாத்துக்கினு இருக்காரு."

செல்வி ஆறாவது ஆளாக ஓரமாகப் போய் நின்றாள். பதினோரு வருஷமாக இந்த ஆலையில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவியவள். காகிதத்தில் அவள் ஆலையின் ஆளே கிடையாது, காண்ட்ராக்டரின் ஆள். அந்த அநியாயத்தைக் கேட்கத்தான் சங்கம் வைக்கப் புறப்பட்டார்கள்.

பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். செல்வியோடு ஆறு பேர் சுலபமாகச் சேர்ந்தார்கள். ஏழாவது ஆளான கொளஞ்சியம்மாளைச் சேர்க்க ஒரு மாதம் ஆனது. புருஷன் கண்ணாயிரம் செத்து ஆறு வருஷம். மகள் ஜெயசுதா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இந்தக் கூலி நின்றால் அந்தப் படிப்பும் நின்றுவிடும். "ஒண்ணும் ஆவாதுக்கா, நான் இருக்கேன்ல" என்று செல்வி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் கொளஞ்சியம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

மனு கொடுத்தாயிற்று. பதிவு எண் இன்னும் வரவில்லை; அதுவரை யார் யார் என்று ஆலைக்குத் தெரியக்கூடாது. கள்ளக்குறிச்சியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் நவுஷாத்கூட, "நம்பர் வந்துடுச்சாங்க?" என்று கேட்டார். யார் காதில் விழுந்தது? காதுகுத்துக்கே தாய்மாமன்கள் படம் போட்டுப் பிளக்ஸ் கட்டுகிற ஊரில் சங்கத்துக்குக் கட்டாமல் இருப்பதா? பேர் போட்டால் முகம் சின்னதாகிவிடும் என்று பேரைக்கூட எடுத்துவிட்டார்கள். ஆலைக்காரர்கள் பல மாதம் உளவு வைத்துத் தேடினாலும் கிடைக்காத பட்டியலை, கலரில் அச்சடித்து இவர்களே தூக்கிக் கொடுத்தார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

கொளஞ்சியம்மாள் படம் தர மாட்டேன் என்றுதான் சொன்னாள். "புருஷன் போனவ மூஞ்சி ரோட்டுல எதுக்குடி?" செல்விதான் ஜெயசுதாவிடம் அவள் அம்மாவின் கல்யாணப் படத்தைப் போனில் வாங்கி, கண்ணாயிரத்தை வெட்டிவிட்டுப் போட்டாள். நேற்று அதைப் பார்த்ததும் கொளஞ்சியம்மாள் கண்டபடி திட்டினாள். எல்லோரும் போன பிறகு தனியாக நின்று வெகுநேரம் பார்த்தாள்.

இப்போது தூக்குவாளியோடு அவள் வந்துகொண்டிருந்தாள். வராதே என்று செல்வி கண்ணைக் காட்டினாள், கையை ஆட்டினாள். கொளஞ்சியம்மாள் நேராகக் கேட்டுக்குத்தான் வந்தாள்.

வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தான். அங்கே நெற்றிச்சுட்டியும் உப்பிய கன்னமுமாக ஒரு கல்யாணப் பெண். கீழே குழி விழுந்த கண்ணும் வெறும் நெற்றியுமாக இவள்.

"நீ இதுல இல்லக்கா. உள்ள போ."

அப்பாடா! செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலே ஜன்னலில் நிற்கிற மேனேஜருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை வருஷத்தில் அவர் எந்தப் பெண்ணின் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தவர் அல்ல. ஒருத்தியாவது தப்பித்தாளே.

உள்ளே நாலடி வைத்த கொளஞ்சியம்மாள் நின்றாள். ஓரமாக நிற்கும் ஆறு பேரையும் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"தம்பி, அந்தக் கடைசி படம் நான்தான்."

வாட்ச்மேன் வாயைப் பிளந்தான். "நீயா?"

"இல்லண்ணா!" செல்வி அலறினாள். "அது வேற ஆளு, இன்னிக்கு வரல. இந்தக்கா எங்க சங்கமே இல்ல! சத்தியமா இல்ல!"

சங்கத்தின் செயலாளராகச் செல்வி நாலு பேர் முன்னால் சொன்ன முதல் வார்த்தை இதுதான். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

கொளஞ்சியம்மாள் திட்டவில்லை. நேற்றுத் திட்டியவள் இன்று ஏன் திட்டவில்லை என்பதுதான் செல்வியை இன்னும் பயமுறுத்தியது.

"ஏழு பேரு இருந்தாத்தான் சங்கம்னு எத்தினி தபா என் வூட்டுக்கு வந்து சொன்ன? இப்ப என்னிய நீயே கழிச்சிட்டா, மிச்சம் எத்தினிடி?"

"அக்கா, ஜெயசுதா படிப்பு..."

"எத்தினின்னு கேட்டேன்."

ஓரமாக நின்றவர்களைச் செல்வி எண்ணினாள், தன்னோடு ஆறு. கொளஞ்சியம்மாள் கேட்டைத் தாண்டி வெளியே வந்து, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் கடைசி ஆளாக நின்றாள்.